கொழிஞ்சாம்பாறை பஸ் போர்டில் தொடங்கும் மொழியியல்

ஆறாம் வகுப்பில் ‘விடுமுறை நாள்’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். “விளையாடிவிட்டு வந்து வெள்ளம் குடித்தேன்” என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். “ஆத்துல வந்த வெள்ளத்தை இவன் ஒருத்தனே குடிச்சுட்டானாம்!” ஒரு வாரம் எனக்கு வேறு பெயரே இல்லை.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ்வழி, பலசரக்குக் கடையில் மலையாளம், சாயங்காலம் டீக்கடையில் இரண்டும். குழாயில் வருவது தண்ணியா வெள்ளமா என்பது யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் இருந்தது ஒரு மொழியியல் கேள்வி என்று எனக்குத் தெரிய இன்னும் பத்து வருடம் ஆனது.

மொழியியலை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல புத்தகம் ஒன்று சொல்லச் சொல்கிறார்கள். புத்தகம் அப்புறம். நீங்கள் வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையை ஒட்டி ஏதாவது ஓர் ஊரில் இருந்தால், பாடம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது. ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதல் வேலை: திருத்துவதை நிறுத்துங்கள்

இதுதான் கடினம். யாராவது “ஒண்ணும் பறையல” என்று தமிழில் கலந்து பேசினால், “பறையல இல்ல, சொல்லல” என்று நமக்கு நாக்கு துறுதுறுக்கும். அடக்குங்கள். பள்ளி இலக்கணம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லும். மொழியியல், மக்கள் எப்படிப் பேசுகிறார்கள், அதில் என்ன ஒழுங்கு இருக்கிறது என்று பார்க்கும். செடிகளைப் படிக்க வந்தவர் களையைப் பிடுங்கிக்கொண்டிருந்தால் படிப்பது எப்போது?

நோட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, இடம், பேசியவரின் உத்தேச வயது, வீட்டு மொழி, அவர் சொன்ன வாக்கியம், அதன் பொருள் இவற்றை எழுதுங்கள். வாக்கியத்தைக் காதில் விழுந்தபடியே எழுத வேண்டும். ‘வந்துட்டான்’ என்று கேட்டால் ‘வந்துவிட்டான்’ என்று ஆக்கிவிடக் கூடாது. பெயர் வேண்டாம். போனில் பதிவு செய்வதானால் முன்பே கேட்டுவிடுங்கள். இன்னொன்று: யாரிடமும் “இது சரியா?” என்று கேட்காதீர்கள். கேட்டவுடன் எல்லோரும் தமிழாசிரியர் ஆகிவிடுவார்கள். “உங்க வீட்டுல இதை எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்டால் உண்மை வரும்.

எழுத்தை மறந்து காதைக் கொடுங்கள்

கையைத் தொண்டைமேல் வைத்து ‘பல்’ என்று மெதுவாகச் சொல்லுங்கள். அப்புறம் ‘தம்பி’. ‘பல்’லின் ப-வில் தொண்டை சும்மா இருக்கும், ‘தம்பி’யின் பி-யில் அதிரும். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. ‘கல்’, ‘தங்கம்’, ‘மகன்’ மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் அதிர்வு இல்லை, மெல்லினத்துக்குப் பின்னால் அதிர்வு உண்டு, இரண்டு உயிருக்கு நடுவில் தளர்ந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே மூன்று வயதுக் குழந்தை இதைச் சரியாகச் செய்கிறது. எந்த ஒலி வரும் என்று இடமே தீர்மானித்துவிடுவதால், தமிழ் எழுத்து ஒரு ககரத்தோடு காலம் தள்ளியது.

இப்படி இடத்தைப் பொறுத்து மாறும் ஒலிகள் எல்லாம் சேர்ந்து ஓர் ‘ஒலியன்’. மாற்றினால் பொருள் மாறுகிறதா என்பதுதான் சோதனை. வலி, வளி, வழி: ஒரே ஓர் ஒலி மாறப் பொருள் மாறுகிறது, ஆகவே ல, ள, ழ மூன்றும் தனித்தனி ஒலியன்கள். வடமொழியும் ஆங்கிலமும் கலந்தபின் ப-வின் கதை சிக்கலாகிவிட்டது. ‘பல்’ வேறு, ‘பஸ்’ வேறு. இரண்டுமே சொல்லின் தொடக்கம். ஒருவர் செய்த ‘பாவ’மும் பரதநாட்டியக்காரர் முகத்தில் காட்டும் ‘பாவ’மும் எழுத்தில்தான் ஒன்று. மலையாளத்தில் இதற்கெல்லாம் நாலு எழுத்து வைத்திருக்கிறார்கள். அதற்காக அவர்கள் எழுத்தில் குறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். நமக்கு ந, ன என்று இரண்டு இருக்கும் இடத்தில் அவர்களிடம் ஒரே எழுத்துதான். ‘என்னால்’ என்ற பொருளுள்ள சொல்லையும் ‘ஆனால்’ என்ற பொருளுள்ள சொல்லையும் ஒரே மாதிரி எழுதிவிட்டு, ஒன்றில் நாக்கைப் பல்லுக்கு மேலும் இன்னொன்றில் பல்லிலும் வைத்துப் பேசுவார்கள். எந்த மொழியிலும் எழுத்து என்பது பேச்சுக்கு மேல் போர்த்திய துணி, அவ்வளவுதான்.

நாக்கைப் பற்றிப் பேச்சு வந்ததால் சித்தூரைச் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் ஒரு சித்தூர், ஆந்திரத்தில் ஒரு சித்தூர். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறோம். தெலுங்கர்கள் தங்கள் ஊரைப் பல்லில் நாக்கை வைத்துச் ‘சித்தூரு’ என்பார்கள். எங்கள் ஊர்ப் பெயரை மலையாளத்தில் ‘சிற்றூர்’ என்றே எழுதுகிறார்கள். சொல்லும்போது நாக்கு நுனி பல்லைத் தொடாமல், பல்லுக்கு மேலே உள்ள மேட்டில் ஒட்டும். ஒரு மலையாள நண்பரிடம் ‘குத்தி’, ‘குற்றி’, ‘குட்டி’ மூன்றையும் வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். குத்தியது, மரமுளை, குழந்தை. நாக்கு பல்லில், மேட்டில், அண்ணத்தில் வளைந்து என்று மூன்று படி ஏறும். நடுப் படி நம் பேச்சில் பெரும்பாலும் போய்விட்டது. காற்று ‘காத்து’, நேற்று ‘நேத்து’. யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் அது இன்னும் கேட்கும். தொல்காப்பியப் பிறப்பியல், நுனிநா மேலே போய் அண்ணத்தைத் தொட ற-வும் ன-வும் பிறக்கும் என்று இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது ஏன் இந்த இரண்டும் ஜோடி என்று புரியவில்லை. எனக்கு அது புரிந்தது எங்கள் ஊர் பெட்டிக்கடைச் சேட்டன் ‘காற்று’ என்று சொன்ன அன்றைக்கு.

பஸ் ஸ்டாண்டில் ஒரு சோதனை

1962இல் வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் நியூயார்க்கில் மூன்று பெரிய கடைகளுக்குப் போனார். ஒன்று பணக்காரர்கள் போவது, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவு. நாலாவது மாடியில் என்ன விற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, ஊழியர்களிடம் அந்தப் பொருள் எங்கே என்று கேட்டார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று பதில் வரும். காது கேளாதவர்போல “என்னது?” என்றார். மறுபடியும் நிதானமாகச் சொல்வார்கள். அந்த இரண்டு சொல்லிலும் ரகரத்தை உச்சரிக்கிறார்களா, விழுங்குகிறார்களா என்று கொஞ்சம் தள்ளிப் போய் குறித்துக்கொண்டார். பணக்காரக் கடையில் ரகரம் அதிகம். இரண்டாம் முறை சொல்லும்போதும் அதிகம். பேசுகிறவர்களுக்குத் தாங்கள் கவனிக்கப்படுகிறோம் என்றே தெரியாது, அதுதான் சூட்சுமம்.

நமக்கு இதைவிட நல்ல வசதி உண்டு. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் கோபாலபுரம் வழியாகக் கேரளம் போகும் பஸ் பக்கத்தில் நின்று, போர்டைப் பார்க்காதவர்போல “இந்த பஸ் எங்கீங்க போகுது?” என்று கேளுங்கள். பதிலில் ‘கொழிஞ்சாம்பாறை’ வரும். உள்ளே ஒரு ழகரம். ‘கொழி’ என்கிறாரா ‘கொளி’ என்கிறாரா? “என்னங்க?” என்று மறுபடி கேளுங்கள். முதல் முறை ‘கொளி’ என்றவரே இரண்டாம் முறை நிறுத்தி, நாக்கை மடித்து, ‘கொழி’ என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ழ தான் ‘நல்ல தமிழ்’ என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவசரத்தில் ள வருகிறது. வயதானவர், கல்லூரி மாணவி, காய்கறி மூட்டையோடு நிற்பவர், கேரளத்துக்காரர் என்று குறித்து வந்தால், ஒரு மாதத்தில் உங்கள் நோட்டு பேச ஆரம்பிக்கும். ஒரே ஆளிடம் இரண்டு தடவைக்கு மேல் கேட்காதீர்கள். மூன்றாவது தடவை எனக்கு ஒரு கண்டக்டர் சொன்ன பதிலில் ழகரம் இல்லை, ஆனால் அதை இங்கே எழுத முடியாது.

கேரளத்துக்காரர் ‘கொழிஞ்ஞாம்பாற’ என்பார். அதைத் தனியாக எழுதி வையுங்கள், இதோ வருகிறேன்.

இரண்டு பத்தி

நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலையாளம் எழுதுங்கள். எந்தச் சொற்கள் என்பதில் கவனம் வேண்டும். உடம்பு, உறவு, எண், மரம், சாப்பாடு என்று வீட்டுக்குள் புழங்குபவை நல்லவை. கோயில், கச்சேரி, ஆபீஸ் சம்பந்தப்பட்டவை வெளியிலிருந்து வந்திருக்கலாம்.

மலை – மல. தலை – தல. வாழை – வாழ. விலை – வில. கடை – கட. நாலு சொல் தாண்டும் முன்னே ஒழுங்கு தெரிகிறது: நம் ஈற்று ஐகாரம் அங்கே அகரம். (நம் பேச்சிலும் ‘தல வலிக்குது’தானே.) அடுத்து: மாங்காய் – மாங்ங. தேங்காய் – தேங்ங. கஞ்சி – கஞ்ஞி. பஞ்சு – பஞ்ஞி. மெல்லினம் தனக்குப் பின்னால் நிற்கும் வல்லினத்தையும் தன் இனமாக்கிக்கொள்கிறது. இப்போது பஸ் போர்டைப் பாருங்கள். கொழிஞ்சாம்பாறை – கொழிஞ்ஞாம்பாற. ஞ்ச ஞ்ஞ ஆனது, ஐ அ ஆனது. இரண்டு விதியும் ஒரே ஊர்ப் பெயரில்.

விதி கிடைத்த சந்தோஷத்தில் துள்ள வேண்டாம். பந்து அங்கேயும் பந்துதான், ‘பந்நு’ ஆகவில்லை. சந்தை ‘சந்த’ ஆகிறது. ஐகார விதிக்குக் கட்டுப்பட்டது, மெல்லின விதிக்குக் கட்டுப்படவில்லை. இப்படி அடங்காத சொற்களை அழித்துவிடாதீர்கள், தனிப் பட்டியல் போடுங்கள். அந்தச் சொல் எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது, பக்கத்து ஒலி எது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். எனக்கு இந்தத் துறையில் சுவாரசியமே இந்தப் பட்டியல்தான்.

தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் கோவைப் பக்கம் ஏராளம். இன்னும் இரண்டு பத்தி சேருங்கள். நம் செவி தெலுங்கில் ‘செவி’, கன்னடத்தில் ‘கிவி’. நம் கை தெலுங்கில் ‘சேயி’. இகரம், எகரம் போன்ற முன்னுயிர் பக்கத்தில் இருந்தால் ககரம் சகரமாக நழுவும். கன்னடம் அதைச் செய்யாமல் பழையபடி வைத்திருக்கிறது. இப்படி ஒலிக்கு ஒலி பொருந்தி வருவதைக் கொண்டுதான் மொழிக் குடும்பத்தை நிறுவுகிறார்கள், நாலு சொல் ஒரே மாதிரி இருக்கிறது என்பதால் அல்ல. சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816இலேயே தென்மொழிகள் தனிக் குடும்பம் என்று எழுதினார். 1856இல் கால்டுவெல் அதை விரிவான ஒப்பிலக்கணமாகச் செய்தார். குடும்பத்தின் ஒரு கிளையான பிராகுயி பாகிஸ்தானின் பலுசிஸ்தானத்தில் இருக்கிறது. தமிழும் மலையாளமும் தாய்-மகளா அக்கா-தங்கையா என்ற சண்டை டீக்கடையில் வந்தால், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பழைய நிலை இருந்தது என்பதோடு உங்கள் நோட்டுக்கு வேலை முடிந்தது.

சொல்லை வெட்டுங்கள்

பகுதி, விகுதி, இடைநிலை என்று பத்தாம் வகுப்பில் ஐந்து மதிப்பெண்ணுக்குப் படித்தோமே, அது உருபனியல். கத்தி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. வந்தேன், வந்தான், வந்தாள், வந்தார்கள்: யார் என்பது விகுதியில் இருக்கிறது. மலையாளத்தில் ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு. விகுதி உதிர்ந்துபோயிற்று; பழைய மலையாளப் பாட்டுகளில் அது இருந்திருக்கிறது. பஸ்ஸில் முன் சீட்டில் ஒருவர் போனில் “கிளம்பிட்டாளா?” என்றால் வண்டி முழுக்கச் செய்தி பரவும். “எறங்ஙியோ?” என்றால் கிளம்பியது அவனா அவளா என்று நமக்குத் தெரியாது. ஒட்டுக்கேட்பதற்குத் தமிழ்தான் வசதி.

கடன் வாங்கிய சொற்களையும் வெட்டிப் பாருங்கள். ‘பஸ்ஸுக்கு’, ‘சேட்டனுக்கு’: சொல் எங்கிருந்து வந்தாலும் வேற்றுமை உருபு நம்முடையது. ஆங்கில வினையை நாம் ‘அட்ஜஸ்ட் பண்ணு’ என்கிறோம், அவர்கள் ‘அட்ஜஸ்ட் செய்யு’ என்கிறார்கள். கலந்து பேசுவதிலும் ஒழுங்கு இருக்கிறது.

வாக்கியத்துக்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன், மீதியைப் பாடப்புத்தகம் பார்த்துக்கொள்ளும். ‘பழைய புத்தகக் கடை’. கடை பழையதா, புத்தகம் பழையதா? சொற்கள் மாறவில்லை, வரிசை மாறவில்லை. எதை எதோடு முதலில் சேர்க்கிறோம் என்பதில் பொருள் பிரிகிறது. பழைய என்பதைப் புத்தகத்தோடு கட்டினால் ஒரு பொருள், புத்தகக்கடை என்று கட்டிவிட்டுப் பழையதைச் சேர்த்தால் இன்னொன்று. வாக்கியம் என்பது சரத்தில் கோத்த மணி இல்லை, பெட்டிக்குள் பெட்டி.

ஒரே சொல், வேறு பொருள்

பக்கத்து வீட்டுக்காரர் பாலக்காட்டில் ஓர் அலுவலகத்துக்கு அடிக்கடி போவார். என் விண்ணப்பம் ஒன்றை அவரிடம் கொடுத்து, அங்கே யாரிடமாவது கேட்டுச் சொல்லச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, “அவசரம் கிட்டியில்ல” என்றார். அவசரமில்லை என்கிறார்போல என்று எடுத்துக்கொண்டு, “ஆமாங்க, அவசரமில்ல, மெதுவாப் பாருங்க” என்றேன். அவர் தலையாட்டினார். அடுத்த வாரமும் இதே பேச்சு, இதே தலையாட்டல். மூன்றாவது வாரம்தான் உறைத்தது: மலையாளத்தில் ‘அவசரம்’ என்றால் வாய்ப்பு, சந்தர்ப்பம். கேட்கச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசித் தேதி அதற்குள் போய்விட்டது.

இதே சொல் ஆந்திர எல்லையில், நகரி பக்கம், ‘அவசரம் லேது’ என்று வந்தால் ‘தேவையில்லை’. வடமொழி ‘அவசர’ என்பதற்குச் சமயம், சந்தர்ப்பம் என்று பொருள். சந்தர்ப்பம் மலையாளத்தில் அப்படியே தங்கியது. தெலுங்கில் அந்தச் சமயத்துக்கு வேண்டியதாகித் ‘தேவை’ ஆனது. தமிழில் சமயம் நெருக்கி ‘வேகம்’ ஆனது. பொருள் இப்படிப் பக்கத்துப் பொருளுக்குத்தான் நகரும், தாவாது.

வெள்ளமும் அதே மாதிரிதான். நமக்குப் பெருகி வரும் நீர், அவர்களுக்கு வெறும் நீர். பெருகி வந்தால் ‘வெள்ளப்பொக்கம்’ என்பார்கள். ‘சம்சாரம்’ நமக்கு மனைவி, அவர்களுக்குப் பேச்சு. “சம்சாரிக்கணும்” என்று ஒருவர் வந்தால் பயப்பட வேண்டாம். ‘பட்டி’ அங்கே நாய் என்பதால், உங்கள் ஊர்ப் பெயர் பட்டி என்று முடிந்தால் சொல்லும்போது சிரிப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓட்டலில் இரண்டாவது தடவை சோறு வைக்க வந்தால் ‘மதி’ என்றால்தான் நிறுத்துவார்கள். தொல்காப்பியம் ‘திசைச்சொல்’ என்று ஒரு வகையே வைத்தது. அந்தந்த நிலத்தின் பொருளோடு வரும் சொல். ஆறாம் வகுப்பில் இது எனக்குத் தெரிந்திருந்தால் எழுந்து நின்று சொல்லியிருப்பேன். அடியும் வாங்கியிருப்பேன்.

பொருளோடு சேர்த்து மரியாதையையும் குறித்துவையுங்கள். நம் ‘நீங்க’ எங்கேயும் செல்லும். கேரளத்தில் பல இடங்களில் பெரியவரை ‘நிங்ஙள்’ என்றால் முகம் சுருங்கும். சேட்டன், சேச்சி, மாஷ், டீச்சர் என்று உறவாலோ வேலையாலோதான் அழைப்பார்கள். சொல் ஒன்றுதான், எடை வேறு. எங்கள் பக்கத்துத் தமிழர்கள் பேச்சுக்குப் பேச்சு ஒரு ‘ங்க’ போட்டு (“ஏனுங்க”, “சரிங்க”) இந்தச் சிக்கலையே தாண்டிவிடுகிறார்கள்.

அடுத்து என்ன

நோட்டு பாதி நிரம்பியபின் பாடப்புத்தகம் எடுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் உங்களிடம் ஓர் எடுத்துக்காட்டு இருக்கும். ஒலிகளைக் குறிக்க உலகப் பொது ஒலியெழுத்து இருக்கிறது. ற, ழ வரும் வரிசைகளை மட்டும் முதலில் கற்றால் போதும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பிராட்’ என்ற மென்பொருள் இலவசம். உங்கள் குரலைப் பதிந்து, ‘தம்பி’யின் அதிர்வைக் கண்ணாலேயே பார்க்கலாம். முறையாகப் படிக்க விரும்பினால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை உண்டு. மைசூரில் 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது.

அட்டப்பாடிக்குப் போகிறவர்கள் அங்கே இருளர், முடுகர், குறும்பர் பேசுவதைக் கவனியுங்கள். சொந்த எழுத்து மரபு இல்லாத மொழிகள். இலக்கணம் நம்முடையதைப் போலவே முழுசாக இருக்கிறது. ‘கலப்புத் தமிழ்’, ‘கெட்ட மலையாளம்’ என்று யாராவது சொன்னால் நோட்டில் அதையும் எழுதுங்கள், சொன்னவரின் பெயர் இல்லாமல்.

நாளைக்கே தொடங்குவதானால், எல்லை தாண்டி முதல் மளிகைக்கடையில் நூறு கிராம் முந்திரி கேளுங்கள். திராட்சையைக் காட்டுவார்கள். பாயசத்துக்கு உண்மையிலேயே வேண்டுமென்றால் ‘அண்டிப்பரிப்பு’ என்று கேட்க வேண்டும்.